ஆன்மிகப் பயிற்சிகள்

புனித லொயோலா இஞ்ஞாசியார் (1491–1556) வகுத்த முப்பது நாள் தியான முறையும், அதை விளக்கும் சிறுநூலும் இப்பெயரால் அறியப்படுகின்றன. கிறிஸ்தவ வாழ்வில் நிகழும் அகமாற்றத்தைப் படிப்படியாகப் பழகலாம் என்று காட்டிய நூல்களில் மிகுந்த செல்வாக்குப் பெற்றது இது. வாசித்து மகிழ எடுப்பவர்களுக்கு ஏமாற்றமே மிஞ்சும். பெரும்பகுதி வழிநடத்துபவருக்கான குறிப்புகள், நடையழகும் கிடையாது.

1521 மே 20 அன்று பம்ப்லோனா கோட்டைப் போரில் பீரங்கிக் குண்டு பட்டு இஞ்ஞாசியாரின் கால் முறிந்தது. கோணலாகச் சேர்ந்த எலும்பு முழங்காலுக்குக் கீழே துருத்தி நின்றது. மயக்க மருந்தில்லாத அக்காலத்தில், அழகு கெடுகிறதே என்று அதை அறுத்தெடுக்கச் சொன்ன மனிதர் அவர். படுக்கையில் வாசிக்க வீரக்கதைகள் கேட்டார். வீட்டில் கிடைத்தவையோ, சாக்சனியின் லுடோல்ஃப் எழுதிய கிறிஸ்துவின் வாழ்க்கையும் புனிதர் வரலாற்றுத் தொகுப்பு ஒன்றும்தான். ஒரு சீமாட்டியை எண்ணிக் கட்டிய மனக்கோட்டைகள் அப்போதைக்கு இனித்தன. கலைந்தபின் மனம் வறண்டது. எருசலேமுக்கு வெறுங்காலுடன் நடப்பதாகக் கண்ட கனவு, கலைந்த பிறகும் இனித்தது. எந்த எண்ணம் பின்னால் எதை விட்டுச்செல்கிறது என்று பார்க்கும் பழக்கம் இப்படித்தான் தொடங்கியது. தமிழ்க் கத்தோலிக்கர் ‘தேர்ந்து தெளிதல்’ என்று சொல்வது இதைத்தான்.

1522 மார்ச்சில் மொன்செராத் மடத்து மாதா பீடத்தில் வாளை வைத்துவிட்டு மான்ரேசாவுக்குப் போனார். பிச்சையெடுத்து உண்டார்; ஒரு காலத்தில் சீவிச் சிங்காரித்த முடியையும் நகங்களையும் வெட்டாமல் விட்டார். ஏற்கெனவே அறிக்கையிட்ட பாவங்களையே திரும்பத் திரும்ப அறிக்கையிட்டும் மனம் ஆறாமல், தற்கொலை எண்ணம் வரை போய் மீண்டார். கர்தோனேர் ஆற்றோரம் பெற்ற உள்ளொளியும் அங்கேதான். அந்நாட்களில் எழுதி வைத்த குறிப்புகளே நூலின் கரு. குண்டடி பட்டார், புனிதரானார் என்று ஒரே மூச்சில் முடிக்கும் பக்திக் கதைகள் ஏறத்தாழப் பத்து மாதம் நீண்ட இந்தத் தவிப்பைத் தாண்டிக் குதித்துவிடுகின்றன.

பயிற்சி நான்கு ‘வாரங்கள்’ கொண்டது. பாவமும் இறை இரக்கமும், கிறிஸ்துவின் வாழ்வு, பாடுகள், உயிர்ப்பு என்பது வரிசை. வாரம் ஏழு நாளாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஆளைப் பொறுத்துக் கூடும், குறையும். முதல் வாரத்தில் சன்னல் கதவுகளை அடைத்து அறையை இருட்டாக்கச் சொல்லும் நூல், நான்காவதில் வெளிச்சத்தை அனுபவிக்கச் சொல்கிறது. ஒரு குறிப்பிட்ட குற்றத்தைக் களைய, நாளுக்கு இரண்டாக ஏழு நாளுக்கும் கோடுகள் இழுத்து, தவறிய ஒவ்வொரு தடவைக்கும் புள்ளி வைக்க வேண்டும். தவறிய கணத்திலேயே நெஞ்சில் கைவைக்க வேண்டும். பக்கத்தில் இருப்பவருக்கு அது தெரியவும் கூடாது.

பின்னர் அவர் பிறருக்குப் பயிற்சி தரத் தொடங்கியபோது, படிக்காதவர் ஆன்ம காரியம் பேசுவதா என்ற சந்தேகத்தில் ஸ்பெயினின் அல்கலாவிலும் சலமான்காவிலும் அவரைச் சிறையில் வைத்தார்கள். குறிப்புகளில் பிழை அகப்படவில்லை. ஆனாலும் கட்டுப்பாடுகள் தொடர்ந்ததால் 1528இல் பாரிசுக்குப் படிக்கப் போனார். 1534இல் சேன் நதி உறைந்த கடுங்குளிரில், நெருப்பு மூட்டாமல், பல நாள் உண்ணாமல், அங்கே அவரோடு படித்த பியேர் ஃபாவ்ர் பயிற்சி செய்தார். அதே ஆண்டு பிரான்சிஸ் சவேரியாரும் செய்தார். 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்தவர் இவரே. திருத்தந்தை மூன்றாம் பவுல் 1548 ஜூலை 31 அன்று நூலை அங்கீகரித்தார்.

ஒருவருக்கு ஒருவர் என்றிருந்த முறை, காலப்போக்கில் கூட்டத்துக்குப் பிரசங்கம் வைப்பதாக மாறியது. பங்குகளில் நடக்கும் மூன்று நாள் ‘ஞான ஒடுக்கம்’ பெரும்பாலும் இந்த வழிவந்ததே. ஆட்கள் பெருகினார்கள்; ஆனால் ஒவ்வொருவரின் மன அசைவுக்கும் ஏற்ப வேகத்தை மாற்றுவது என்ற உயிர்நாடி தளர்ந்துபோயிற்று. இஞ்ஞாசியார் நிறுவிய இயேசு சபை 1773இல் கலைக்கப்பட்டு 1814இல் மீண்டு வந்தது. சபைத் தலைவர் ரோதான் 1835இல் ஸ்பானிய மூலத்திலிருந்து புதிய லத்தீன் பெயர்ப்பை வெளியிட்டு மூலநூலின் பக்கம் கவனத்தைத் திருப்பினார். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு தனி வழிநடத்தல் பரவலாகத் திரும்பியது. மும்பையில் பிறந்த இயேசு சபைக் குரு அந்தோனி டி மெல்லோ, மூச்சைக் கவனித்தல் போன்ற ஆசிய முறைகளைச் செபத்தோடு சேர்த்து 1978இல் ‘சாதனா’ என்ற நூலை வெளியிட்டார். அவர் எழுத்துகள் சிலவற்றைப் பற்றி 1998இல் வத்திக்கான் எச்சரித்தது.

வேலையை விட்டுவர முடியாதவர் நாளுக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்கி வீட்டிலிருந்தே செய்யலாம் என்று நூலின் 19ஆம் குறிப்பு சொல்கிறது. பல மாதம் நீளும் இவ்வழியை இன்று கத்தோலிக்கர் அல்லாத கிறிஸ்தவர்களும் பின்பற்றுகிறார்கள்.