கார்களின் குலமுறை

பத்தாண்டு நிறைவு மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று தருமாறு மலர்க் குழுவினர் பணித்தபோது, கோயிலையும் கல்வெட்டையும் கோட்டையையும் விட்டுவிட்டுக் காரைப் பற்றி எழுத இசைவு கேட்டேன். சிலர் நகைத்தனர். கவிஞர் கூட்டத்துக்குக் காரோடு என்ன உறவு என்பது அவர்கள் வினா. கொசத்தலையாறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்தில் நின்று இரு பக்கமும் பார்த்தால் விடை கிடைக்கும். வடக்கே காமராசர் துறைமுகம். 2010ஆம் ஆண்டு முதல் நிசான் முதலிய கார்கள் அங்கே கப்பலேறி அயல்நாடு செல்கின்றன. தெற்கே எண்ணூர் ஆலை. கார் என்னும் பொருள் 1949இல் அங்கே உருவாகத் தொடங்கியது. கார் பிறந்த இடத்துக்கும் கார் ஏறிப்போகும் துறைக்கும் நடுவே குடியிருக்கும் நமக்கு அதன் கதை அயலார் கதையன்று. (தூய தமிழ் அன்பர்கள் 'மகிழுந்து' என எழுதச் சொல்வர். பட்டறைகளில் அச்சொல் இன்னும் ஏறவில்லை. ஆகவே 'கார்' என்றே எழுதுகிறேன்.)

சென்னையில் கார் வந்த வரலாறு துறைமுகத்திலிருந்தே தொடங்குகிறது. சென்னை நகரப் பதிவில் 'எம்.சி. 1' என்னும் முதல் எண்ணைப் பெற்றது சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கின் கார் என்பது நகர வரலாற்றாசிரியர் கூற்று. 1904 முதல் 1919 வரை சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் தலைவராக இருந்தவர் இவர். கிழக்கு நோக்கியிருந்த துறைமுக வாயிலை அடைத்து, வடகிழக்கில் புதுவாயில் திறந்தவரும் இவரே. துறைமுகச் சுவர்கள் கடலோர மணலை மறித்ததால் தெற்கே மெரினா அகன்றது. வடக்கே இராயபுரம் தொடங்கிக் கரை அரிக்கப்பட்டது. அந்த அரிப்பின் கணக்கை நம் குப்பத்தார் இன்றும் தீர்த்துக்கொண்டிருக்கின்றனர். முதல் காரின் உரிமையாளரைப் பற்றிப் பேசும்போது இதையும் சேர்த்தே பேச வேண்டும் என்பது என் கருத்து.

'எம்.சி. 3' தி. நம்பெருமாள் செட்டியாருடையது, பிரெஞ்சு நாட்டு டி டியான் கார். சென்னையில் கார் வைத்திருந்த முதல் இந்தியர் அவரே என்பர். உயர்நீதிமன்றம், கன்னிமாரா நூலகம், விக்டோரியா பொதுக்கூடம் ஆகியவற்றைக் கட்டிய ஒப்பந்தக்காரர். இவ்விரு கார்க்காரர்களையும் இணைக்கும் இழை ஒன்று உண்டு. 1912இல் மாதம் முப்பது ரூபாய்ச் சம்பளத்தில் துறைமுக அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்த கணிதமேதை இராமானுசனுக்கு ஆதரவளித்தவர் ஸ்பிரிங். 1920 ஏப்ரல் 26 அன்று இராமானுசன் உயிர் நீத்தது சேத்துப்பட்டில் நம்பெருமாள் செட்டியாருக்குச் சொந்தமான வீட்டில். கார்களின் உரிமை வரலாற்றைத் தேடப் புகுந்தால் இப்படித்தான், ஊரின் வரலாறு முழுவதும் ஒவ்வொரு கதவாகத் திறந்துகொள்கிறது.

அக்காலக் கார்களில் பெரும்பாலானவை 'டூரர்' எனப்பட்ட திறந்த பயணக் கார்கள். நிலையான கூரை கிடையாது. மடக்கும் கித்தான் ஹூட், மழை வந்தால் பக்கத்தில் மாட்டும் திரைகள், நால்வரோ ஐவரோ அமரும் இருக்கைகள். அவற்றில் பலவற்றை ஒரே ஆலை செய்து தரவில்லை என்பதைக் கருத்தில் கொள்ள வேண்டும். எஞ்சினும் சேசிசும் சீமையிலிருந்து கப்பலில் வரும். மேலுடலை உள்ளூர் வண்டிப் பட்டறைகளே கட்டுவதும் உண்டு. 1840இல் சேணமும் குதிரை வண்டியும் செய்யத் தொடங்கிய சிம்சன் நிறுவனம் இதில் முன் நின்றது. அந்நிறுவனத்தின் சாமுவேல் ஜான் கிரீன் 1903இல் நீராவிக் கார் ஒன்றையே செய்து ஓட்டிக் காட்டினார். மரச் சட்டகம் இழைத்த தச்சர், தகட்டைத் தட்டி வளைத்த கொல்லர், தோல் தைத்தவர், சாயம் பூசியவர் எனப் பல கைகள் சேர்ந்தே ஒரு டூரர் உருவாயிற்று. கிரீனின் பெயர் நூல்களில் இருக்கிறது. தச்சரின் பெயர் இல்லை.

இனி நம் எண்ணூருக்கு வருவோம். பஞ்சாபைச் சேர்ந்த விடுதலைப் போராட்ட வீரர் இரகுநந்தன் சரண், நேருவின் தூண்டுதலால் தொழில்துறையில் இறங்கி, 1948 செப்டம்பர் 7 அன்று அசோக் மோட்டார்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். 'அசோக்' என்பது அவர் மகன் பெயர். மாமன்னர் பெயர் என்று எண்ணியிருந்தவர்களில் நானும் ஒருவன். இங்கிலாந்து ஆஸ்டின் நிறுவனத்தின் ஏ-40 காரை எண்ணூரில் பூட்டிச் சேர்ப்பது திட்டம். பிரிபாகங்கள் கப்பலில் வந்தன. 1949இல் முதல் கார் ஆலையை விட்டு வெளிவந்தது. 1200 சி.சி. எஞ்சின், தனிச் சேசிசின்மேல் ஏற்றிய உருண்ட உடல், முன் சக்கரங்களுக்கு எண்ணெய்ப் பிரேக், பின் சக்கரங்களுக்குக் கம்பிப் பிரேக். இது திறந்த டூரர் அன்று. மூடிய குடும்பக் கார். ஆயினும் அடுக்கடுக்காகப் பிரித்து மீண்டும் பூட்டலாம் என்னும் பழைய மரபில் வந்தது. பழங்கார் விரும்புவோர் ஏ-40ஐ விரும்புவதற்கு அதுவும் ஒரு காரணம்.

கார் உற்பத்தி நெடுநாள் நீடிக்கவில்லை. 1950இல் லேலண்டு நிறுவனத்தோடு சரக்கு வண்டி ஒப்பந்தம் ஏற்பட்டது. 1951இல் முதல் கோமெட் வண்டிகள் நான்கு மங்களூர் ஓட்டுத் தொழிற்சாலை ஒன்றுக்குச் சென்றன. சரண் விமான விபத்தில் மறைந்தார். 1955இல் நிறுவனத்தின் பெயரே அசோக் லேலண்டு ஆயிற்று. அதே ஆண்டு திருவொற்றியூரில் என்பீல்டு மோட்டார் சைக்கிள் வந்தது. அதற்கு முன்பே, 1946இல், பொம்மைப் பலூன் செய்யும் சிறு கூடமாக அங்கே தொடங்கியிருந்த எம்.ஆர்.எப்., 1952இல் டயர்களின் மேல்தோலுக்கான இரப்பர் செய்யலாயிற்று. இராயபுரம் முதல் எண்ணூர் வரையிலான கடற்கரை, வலையும் கட்டுமரமும் மட்டுமே அறிந்த நிலை மாறி, ஸ்பேனரும் அறிந்த கரையானது இந்தப் பத்தாண்டுக்குள்தான். மணியடித்தால் உள்ளே போவதும் மணியடித்தால் வெளியே வருவதும் பலருக்குப் புதிது. அலை பார்த்துத் தொழிலுக்குப் போன குடும்பங்களின் பிள்ளைகள் அவர்கள்.

காரின் உரிமை வரலாறு எதில் எழுதப்பட்டிருக்கிறது? நாம் ஆர்.சி. புத்தகம் என்று வழங்கும் பதிவுச் சான்றில். சேசிஸ் எண், எஞ்சின் எண், நிறம், முதல் உரிமையாளர், பின் ஒவ்வொரு கைமாற்றமும் தேதியோடு. பழைய புத்தகம் ஒன்றைப் புரட்டினால் மையின் நிறம் மாறுவதிலிருந்தே தலைமுறை மாறுவதை அறியலாம். ஆனால் அப்புத்தகம் அறியாதவை பல. காமராசர் பயணம் செய்த செவர்லே காரின் எண் எம்.டி.டி. 2727 என்பதைப் பலர் இன்றும் சொல்வர். மக்கள் மனத்தில் அவ்வெண் தங்கியது அதில் ஏறிச் சென்றவரால். 1941 சனவரியில் நேதாசி கல்கத்தா வீட்டுக் காவலிலிருந்து தப்பிக் கோமோ இரயில் நிலையத்தை அடைய உதவிய வாண்டரர் காரும் அத்தகையதே. அதை ஓட்டியவர் அவர் அண்ணன் மகன் சிசிர்குமார் போசு. அந்தக் கார் பழுது நீக்கப்பட்டு 2017 சனவரியில் குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜியால் மக்கள் பார்வைக்குத் திறந்துவைக்கப்பட்டது. ஓரிரவுப் பயணம் அதன் மற்றெல்லா ஆண்டுகளையும் விழுங்கிவிட்டது.

பழுது நீக்கம் என்று எளிதாகச் சொல்லிவிட்டேன். அது எளிதன்று. உப்புக் காற்றில் நின்ற காரைப் பிரித்தால் முதலில் கைவிட்டுப் போவது மரச் சட்டகம். அடுத்துக் கதவின் அடித்தகடு. டிங்கர் வேலைக்காரர் துருவேறிய பகுதியை வெட்டி, காகிதத்தில் அளவெடுத்து, புதுத் தகட்டை மணல்மூட்டையின்மேல் வைத்து மரச்சுத்தியால் தட்டித் தட்டி வளைவை வரவழைக்கிறார். வரைபடம் கிடையாது; மறுபக்கக் கதவே வரைபடம். பழைய எஞ்சின்களில் பேரிங்குக்கு வைட் மெட்டலை உருக்கி ஊற்றிக் கையால் சுரண்டிப் பொருத்த வேண்டும். அதைச் செய்யத் தெரிந்தவர் குறைந்துகொண்டே வருகின்றனர். கிடைக்காத பல்சக்கரத்தை லேத் பட்டறையில் கடைந்தெடுப்பர். புதுப்பேட்டைக் கடைகளில் வேறொரு காரின் உறுப்பை வாங்கி, தேய்த்து, இதற்கு ஆக்குவர். இப்படி ஒவ்வொன்றாக மாற்றி முடித்தபின், நிற்பது அந்தப் பழைய கார்தானா, அதன் உருவம் தாங்கிய புதுக் காரா?

இதே வினா 1990இல் இலண்டன் உயர்நீதிமன்றத்தின் முன் வந்தது. 'ஓல்டு நம்பர் ஒன்' எனப்பட்ட பென்ட்லி கார் 1929, 1930 ஆகிய இரண்டு ஆண்டுகளும் பிரான்சின் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தில் வென்றது. நால்வர் அமரும் திறந்த உடல் கொண்டது. 1932இல் வேறு எஞ்சினோடு புரூக்லாண்ட்சு ஓடுகளத்தில் ஓடியபோது விபத்துக்குள்ளாகி, ஓட்டிய கிளைவ் டன்பி இறந்தார். பின்னர் மூடிய காராக மாற்றிக் கட்டப்பட்டது. பல கைமாறிய அதனை 1990இல் அதன் உரிமையாளர் ஒரு கோடி பவுண்டுக்கு விற்க ஒப்பந்தம் செய்தார். வாங்க இருந்தவர்கள், 'இது அந்தக் காரே அன்று' என்று பின்வாங்கினர். வழக்கு மூண்டது.

நீதிபதி ஓட்டன் காரைத் துண்டு துண்டாக ஆராய்ந்தார். 1929இல் வென்ற காரிலிருந்து, காலம் கணிக்க முடியாத சில சிறு பொருத்துகள் தவிர எதுவும் எஞ்சவில்லை. 1930ஆம் ஆண்டுக் காரிலிருந்து மிதிகட்டையின் தண்டு, கியர் பெட்டியின் கூடு, ஸ்டியரிங் தண்டு மட்டுமே எஞ்சியிருந்தன. அப்படியிருந்தும் தீர்ப்பு உரிமையாளர் பக்கமே வந்தது. அந்தக் கார் ஒருநாளும் கலைந்து மறைந்துபோகவில்லை. உறுப்புகள் சிறுகச் சிறுக மாறிய காலம் முழுவதும் அது ஒரே காராகவே அறியப்பட்டு, ஒரே காராகவே வாழ்ந்தது. ஆகவே அதன் வரலாறு அதற்கே உரியது என்பது அவர் முடிவின் சாரம். முதல் நிலையிலேயே மாறாமல் இருக்கிறது என்று அவர் சொல்லவில்லை என்பதை மறக்கலாகாது. இரும்பைவிட அறுபடாத வரலாற்றுக்கே அவர் மதிப்புத் தந்தார்.

நம் நாட்டு விதி வேறு கோணத்தில் பார்க்கிறது. 2021 சூலையில் அறிவிக்கப்பட்ட திருத்த விதிகளின்படி, முதற்பதிவு கண்டு ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளைப் பழம்பெரும் வண்டிகளாகப் பதியலாம். கட்டணம் 20,000 ரூபாய், சான்று பத்தாண்டு செல்லும், எண்ணில் 'வி.ஏ.' எழுத்துகள் இடம்பெறும்; முன்பே பதிவான வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். சேசிசோ உடலோ எஞ்சினோ பெரிதும் மாற்றப்படாமல் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஓட்டனின் தீர்ப்பில் வென்ற பென்ட்லி இந்த விதியின் முன் தேறுவது கடினம். எனக்கு இரண்டுமே முழு நிறைவு தரவில்லை. விதி பொருளைப் பார்க்கிறது. தீர்ப்பு தொடர்ச்சியைப் பார்க்கிறது. மாற்றியவர் யார், எதை மாற்றினார், ஏன் மாற்றினார் என்று எழுதிவைப்பதைப் பற்றி இரண்டும் பேசவில்லை.

அதைப் பேசுவது பழங்கார்ச் சங்கங்களின் உலகக் கூட்டமைப்பு 2012இல் ஏற்ற தூரின் சாசனம். புதிதாகச் சேர்க்கும் உறுப்பைப் பிற்காலத்தார் இனங்காணும்படி அடையாளமிட வேண்டும் என்று அது அறிவுறுத்துகிறது. கவிஞர்களுக்கு இது புதிய செய்தியன்று. உ.வே.சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது, கிடைக்காத 267, 268ஆம் பாடல்களின் இடத்தைத் தம் கவிதையால் நிரப்பவில்லை. சிதைந்த அடிகளில் புள்ளியிட்டு விட்டார். அவருக்கு யாப்புத் தெரியாததாலா? புள்ளியே நேர்மை என்று அறிந்ததால். பளபளக்கும் சாயத்தோடு அணிவகுப்பில் வரும் பழங்கார்கள் பலவற்றில் நான் தேடுவது அந்தப் புள்ளிகளைத்தான். பெரும்பாலும் காண்பதில்லை. காருக்கு முன் நிற்கும் அட்டையில் உரிமையாளர் பெயர் இருக்கும், ஆண்டு இருக்கும், குதிரைத்திறன் இருக்கும். கதவை வளைத்தவர் பெயருக்கு இடம் இருப்பதில்லை.

எண்ணூர் ஆஸ்டின் விஷயத்தில் அந்த இடத்தை நிரப்ப நமக்கு இன்னும் சிறிது காலம் இருக்கிறது. 1949இல் பதினெட்டு வயதில் ஆலைக்குள் நுழைந்த ஒருவர் இன்று இருந்தால் தொண்ணூற்றைந்தை ஒட்டியிருப்பார். எர்ணாவூரிலும் கத்திவாக்கத்திலும் திருவொற்றியூரிலும் அவர்களின் பிள்ளைகளும் பேரர்களும் வாழ்கின்றனர். சம்பளச் சீட்டு, அடையாள வில்லை, ஆலை வாயிலில் எடுத்த குழுப்படம், பாட்டன் விட்டுச்சென்ற ஸ்பேனர் எதுவாயினும் சரி. பரண்மேல் கிடந்தால் இறக்கிவைத்து, அவர் பெயரையும் அவர் பார்த்த வேலையையும் ஒரு தாளில் எழுதி, அடுத்த மாதக் கூட்டத்துக்கு எடுத்துவருமாறு வட்டத்து அன்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன். படி எடுத்துக்கொண்டு அன்றே திருப்பித் தந்துவிடுவோம்.