வெள்ளைக் கோல் நடந்து வந்த வழி

பங்கு விழா மலர் என்றால் கோயிலுக்குக் கால்கோள் இட்ட நாள், மணிக்கூண்டு எழுந்த நாள், பணியாற்றிய குருக்களின் வரிசை ஆகியவை இடம்பெறுவது வழக்கம். அவை இம்மலரின் மற்றப் பக்கங்களில் முறையாக உள்ளன. நாம் இங்கு எழுத எடுத்துக்கொண்டது ஒரு கைக்கோலின் வரலாறு. விலையோ சில நூறு ரூபாய். கனமோ கால் கிலோகூட இராது.

நம் ஞாயிறு பூசைகளுக்கு வருவோரில் கண்பார்வை இழந்தோர் சிலர் எப்போதும் உண்டு. அவர்களில் பெரும்பாலோர் மகனின் தோளையோ பேத்தியின் கையையோ பற்றிக்கொண்டே வருகிறார்கள். மகனுக்குத் துறைமுகத்தில் ஷிப்ட் மாறினால், பேத்திக்குப் பரீட்சை வந்தால், அந்த வாரம் அவர்கள் வருவதில்லை. "இந்த வாரம் பெரியவரைக் காணோமே" என்று கேட்டுவிட்டு நாம் நம் வேலையைப் பார்க்கப் போகிறோம். வராமற்போனவர் எட்டு நாளாகத் திண்ணையிலேயே உட்கார்ந்திருக்கிறார் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

கண் தெரியாதவர் தனியே நடக்க முடியுமா? இக்கேள்விக்கு உலகம் விடை கண்டு வெகு காலமாகிறது. ஆங்கிலக் கடற்படையில் லெப்டினன்டாக இருந்த ஜேம்ஸ் ஹோல்மன் தம் 25ஆம் வயதில் பார்வையை முற்றிலும் இழந்தார். இரும்புப் பூண் போட்ட ஒரு தடியைத் தரையில் தட்டி, அதன் ஓசை சுவரில் மோதித் திரும்புவதைக் காதால் கேட்டுக்கொண்டே ஐரோப்பாவைச் சுற்றினார். பிறகு 1827 முதல் 1832 வரை உலகத்தையே சுற்றிவந்தார். அப்பயணத்தில் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் வந்து சென்றார். அவர் தனிப்பிறவி என்று சொல்லி அக்காலத்தார் வியந்து நிறுத்திக்கொண்டனர். ஹோல்மன் செய்ததை ஒரு பாடமாக்கி ஆயிரம் பேருக்குக் கற்பிக்கலாம் என்று எவருக்கும் தோன்றவில்லை. அது தோன்ற இன்னும் நூறாண்டுக்கு மேல் ஆயிற்று.

நம் சென்னை கண் மருத்துவத்தில் பிந்திய ஊர் அன்று. இன்று எழும்பூரில் இருக்கும் அரசு கண் மருத்துவமனை 1819இல் தொடங்கியது. இலண்டன் மூர்ஃபீல்ட்ஸுக்கு அடுத்தபடியாக உலகிலேயே பழைமையானது என்று அதனைச் சொல்வர். ஆனால் மருத்துவர் கைவிரித்த பின் அந்த நோயாளி எங்கே போவது? அதற்கு விடை சொன்னவை பள்ளிகள். 1887இல் அமிர்தசரஸில் ஆனி ஷார்ப் அம்மையாரும், அதற்குச் சில ஆண்டுகளில் நம் பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையாரும் பார்வையற்ற பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினர். இவர்கள் இருவரும் புராட்டஸ்டண்ட் மிஷனரிகள். நம் சபையின் கன்னியர் சென்னைக் கதீட்ரல் சாலையில் நடத்திவரும் சிறுமலர் கன்னியர் மடப் பள்ளியையும், அடையாற்றில் மோன்ஃபோர்ட் கபிரியேல் சகோதரர்கள் நடத்திவரும் புனித லூயிஸ் நிறுவனத்தையும் நம் வாசகர் அறிவர். பூந்தமல்லியில் அரசுப் பள்ளி உண்டு.

இப்பள்ளிகள் பிரெயில் கற்பித்தன, இசை கற்பித்தன, பாய் முடையவும் நாற்காலிக்குப் பிரம்பு பின்னவும் கற்பித்தன. அதனால் பலர் குடும்பம் நடத்தினர். குறை சொல்வதற்கில்லை. ஆயினும் பள்ளிக் காம்பவுண்டுக்குள் ஓடி விளையாடிய பிள்ளை கேட்டுக்கு வெளியே வந்ததும் நின்றுவிடும். உள்ளே ஒவ்வொரு படியும் மனப்பாடம். வெளியே உள்ள உலகத்தை மனப்பாடம் செய்ய முடியாதல்லவா?

இனிக் கோலுக்கு வருவோம். அதற்கு வெள்ளை நிறம் வந்த கதை இது. இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்தில் ஜேம்ஸ் பிக்ஸ் என்ற புகைப்படக்காரர் விபத்தொன்றில் பார்வை இழந்தார். வீட்டைச் சுற்றி மோட்டார் வண்டிகள் பெருகவே, ஓட்டுவோர் கண்ணில் படட்டும் என்று 1921இல் தம் கைத்தடிக்கு வெள்ளை வர்ணம் அடித்தார். பாரிஸ் நகரத்தில் கியி தெர்பெமோன் என்ற பெருமாட்டி இதையே ஓர் இயக்கமாக்கினார். போக்குவரத்துக் காவலரின் வெள்ளைத் தடியைப் பார்த்து அவருக்கு இந்த எண்ணம் வந்ததாம். 1931 பிப்ரவரி 7ஆம் நாள் அமைச்சர்கள் முன்னிலையில் முதல் வெண்கோல்களை வழங்கினார். தொடர்ந்து தம் சொந்தச் செலவில் ஐயாயிரம் கோல்கள் வரை கொடுத்தார். ஆனால் இவ்வளவும் எதிரே வருபவனுக்குச் செய்த எச்சரிக்கைதான். கோலைப் பிடித்தவருக்கு அடுத்த அடியில் பள்ளமா மேடா என்று அது சொல்லவில்லை. ஏனெனில் அது ஊன்றுகோல், குட்டையானது, கனமானது.

அந்தக் கோலை உண்மையில் பேச வைத்தது இரண்டாம் உலகப் போர். போரில் கண்ணிழந்த அமெரிக்க வாலிபர்களைப் பென்சில்வேனியாவில் வேலி ஃபோர்ஜ் என்ற இராணுவ மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். இருபது வயதுப் பிள்ளைகள். ஆர்டர்லியின் கை இல்லாமல் கழிவறைக்குக்கூடப் போக முடியவில்லை. முன்பு பார்வையற்றோர் பள்ளி ஒன்றில் ஆசிரியராயிருந்த ரிச்சர்ட் ஹூவர் 1944ஆம் ஆண்டளவில் அங்கே சார்ஜண்டாக வந்து சேர்ந்தார். தம் கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு தாமே நடந்து பார்த்து, ஒரு முறையை வகுத்தார். கோல் இலேசாயிருக்க வேண்டும். தரையிலிருந்து மார்பெலும்பின் உயரம் இருக்க வேண்டும். உடம்பின் பாரத்தை அதன் மேல் போடக் கூடாது. கையை வயிற்றுக்கு நேரே நிறுத்தி மணிக்கட்டை மட்டும் அசைத்து, தோள் அகலத்துக்குச் சற்று மிஞ்சிய வளைவாக இருபுறமும் தட்ட வேண்டும். இடது கால் முன்னே போகும்போது கோலின் நுனி வலப்புறம் தொடும். வலது கால் போகும்போது இடப்புறம் தொடும். ஆக, அடுத்து எந்தக் கால் எழப்போகிறதோ அது இறங்கும் இடத்தைக் கோல் முன்கூட்டியே தொட்டுப் பார்த்துவிடுகிறது. கேட்பதற்கு எளிது. செய்து பார்த்த பின்தான் தெரியும், பல வாரப் பயிற்சி வேண்டும் என்பது. ஹூவர் போருக்குப் பின் படித்துக் கண் மருத்துவரே ஆனார்.

நம் சபையைச் சேர்ந்த ஒரு குருவின் பெயர் இவ்வரலாற்றில் அழியாமல் நிற்பதை நம் பங்கு மக்களில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். பாஸ்டன் உயர் மறைமாவட்டத்து அருட்தந்தை தாமஸ் கரோல் அவர்களே அவர். கண்ணிழந்த வீரர்கள் மறுவாழ்வுப் பயிற்சி பெற்ற ஏவன் நிலையத்தில் ஆன்ம குருவாகப் பணியாற்றிய அவர், ஆறுதல் சொல்வதோடு தம் வேலை முடிந்தது என்று இருக்கவில்லை. போர்வீரனுக்கு அரசாங்கம் செய்ததை, நோயாலும் முதுமையாலும் பார்வை போன சாதாரணக் குடும்பத்தாருக்கு யார் செய்வது என்று கேட்டார். 1954இல் நியூட்டன் என்ற ஊரில் புனித பவுல் பெயரால் ஒரு மறுவாழ்வு மையம் தொடங்கினார். டமாஸ்கு வழியில் பார்வை மறைந்து, பிறர் கைபிடித்து நகருக்குள் நடத்திச் சென்ற அப்போஸ்தலரின் பெயர் அதற்குப் பொருத்தமே. அங்கே பார்வையற்றவர்களுக்கு வாள்சண்டைப் பயிற்சிகூட உண்டு! விந்தையாகத் தோன்றலாம். ஓசையைக் கொண்டு எதிராளியின் திசையறிதல், உடம்பை நேராக நிறுத்துதல், தயங்காமல் முன்னே அடியெடுத்தல் என்று வீதியில் தேவைப்படும் அத்தனையும் அதில் அடங்கும். நடக்கக் கற்பிக்கும் ஆசிரியர்களைத் தயாரிக்கும் பல்கலைக்கழக வகுப்பு 1960இல் பாஸ்டன் கல்லூரியில் தொடங்கியதிலும் அவருக்குப் பெரும் பங்குண்டு. அது இயேசு சபையார் கல்லூரி.

1961இல் தந்தை கரோல் எழுதிய நூலில், பார்வை போகும்போது மனிதன் இழப்பவை இருபது என்று வகுத்துக் காட்டினார். நடமாட்டம் அவற்றில் ஒன்று. கண் தெரிந்த மனிதன் இறக்கிறான். பிறகே கண் தெரியாத மனிதனாகப் புதிதாய்ப் பிறக்கிறான் என்பது அவர் கருத்து. இதனைப் பார்வையற்றோர் இயக்கத் தலைவரான கென்னத் ஜெர்னிகன் வன்மையாக மறுத்தார். பார்வையின்மை மனிதனுக்குள்ள பல இயல்புகளில் ஒன்றுதான், அதைச் சாவோடு ஒப்பிடுவது எங்களைத் தாழ்த்துவது என்றார். பிறவியிலேயே பார்வையற்ற ஜெர்னிகன் சொன்னதில் நியாயம் உண்டு. ஆனால் அறுபது வயதில் சர்க்கரை வியாதியால் திடீரென்று இருள் சூழ்ந்த நம் பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்தால், குருவானவர் சொன்னதும் பொய்யில்லை என்றே நமக்குப் படுகிறது. தந்தை கரோல் 1971இல் இறைவனடி சேர்ந்தார். அம்மையம் இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

இந்தியாவுக்கும் இக்கல்வி போர்வீரர் வழியாகவே வந்தது. கலிபோலிப் போர்க்களத்தில் கண்ணிழந்த நியூசிலாந்துக்காரர் சர் குளூதா மக்கென்சி, இரண்டாம் உலகப் போரில் பார்வை இழந்த இந்தியச் சிப்பாய்களுக்காக டேராடூனில் நடந்த செயின்ட் டன்ஸ்டன் விடுதிக்குப் பொறுப்பேற்றார். அங்கிருந்து 1950இல் வளர்ந்த பயிற்சி நிலையமே இன்றைய தேசிய நிறுவனத்துக்கு வேர். அதன் சென்னை வட்டார மையம் பூந்தமல்லியில் இருக்கிறது. மதுரையில் தாமே பார்வையிழந்தவரான ஜின்னா அவர்கள் 1985இல் இந்தியப் பார்வையற்றோர் சங்கத்தைத் தொடங்கி நடத்தினார். பெயர்களும் மாறின. நம் பழைய வேதாகமத்திலும் ஞானோபதேசத்திலும் "குருடர்" என்றே இருந்தது. பிறகு "விழியிழந்தோர்" என்றோம். இப்போது "பார்வை மாற்றுத்திறனாளி" என்கிறோம். பெயர் மாறிய வேகத்தில் நடைபாதை மாறவில்லை.

நம் வட்டாரத்தைப் பார்ப்போம். இராயப்பர் கோயிலால் ராயபுரம் என்று பெயர் பெற்று, 1856இல் தென்னகத்தின் முதல் இரயில் புறப்பட்ட ஊர் இது. கண் தெரியாமல் நடப்பவருக்கு இது ஒருவகையில் நல்ல ஊர் என்று சொன்னால் நம்புவீர்களா? கிழக்கே கடல். பிற்பகலில் கடற்காற்று எழுந்துவிட்டால், திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் எண்ணூர் நோக்கி நடப்பவரின் வலக் கன்னத்தில் அது படும். பாரிமுனை நோக்கித் திரும்பினால் இடக் கன்னத்தில் படும். மேற்கே கும்மிடிப்பூண்டி இரயில் பாதை. மின்சார வண்டியின் ஹாரன் எந்தக் காதில் விழுகிறது என்பதே திசை காட்டும். காசிமேட்டு மீன் வாடையும் ஐஸ் உடைக்கும் ஓசையும், கல்மண்டபம் மார்க்கெட்டில் கொத்தமல்லி மணமும், எம்.சி. ரோட்டில் துணிக்கடைக்காரர் கூவி அழைப்பதும், அந்தந்தக் கோயிலின் மணியோசையும் பெயர்ப்பலகைகளே. பயிற்சியாளர் இவற்றை அடையாளம் என்று சொல்லி வரிசைப்படுத்தி மனத்தில் ஒரு வரைபடமாக்கித் தருகிறார்.

இப்பயிற்சி எதுவும் இன்றியே கற்றவர்களையும் நாம் நாள்தோறும் காண்கிறோம். புறநகர் மின்சார இரயிலில் பர்பி, பேனா, அடையாள அட்டை உறை விற்கும் பார்வையற்ற சகோதரர்கள் வண்டி நிற்குமுன் எந்தப் பக்கம் பிளாட்பாரம் வரும் என்று அறிந்திருக்கிறார்கள். அடுத்தது கொருக்குப்பேட்டையா தண்டையார்பேட்டையா என்பதைத் தண்டவாளம் பிரியும் சத்தத்திலேயே அறிவர். அவர்கள் திறமையைப் போற்றும் நாம் அதற்கு அவர்கள் கொடுத்த விலையையும் நினைக்க வேண்டும். முழங்கால் தழும்பில்லாதவர் அவர்களில் அரிது.

கோலுக்கும் ஓர் எல்லை உண்டு. அது தரையை மட்டுமே சொல்லும். எண்ணூர் விரைவுச் சாலையிலும் மணலிப் பக்கமும் துறைமுகத்துக்குக் காத்து நிற்கும் கண்டெய்னர் லாரிகளின் தட்டு உயரமாயிருப்பதால், கோல் அதன் அடியில் சுலபமாகப் போய்விடும். நெற்றி இரும்பில் மோதும். டீக்கடைத் தட்டி, சாய்ந்து நிற்கும் மின்பெட்டி, தாழ்ந்த சன்ஷேடு ஆகியவற்றிலும் இதே கதைதான். இதற்கென்றே டெல்லி ஐ.ஐ.டி.யினர் 2014இல் "ஸ்மார்ட் கேன்" என்ற கருவியை வெளியிட்டனர். கோலின் பிடியில் பொருத்தினால், வௌவாலைப் போல் கேளா ஒலியை அனுப்பி, மூன்று மீட்டர் தூரம் வரை முழங்காலுக்கு மேலே எதிர்ப்படும் தடையைப் பிடியின் அதிர்வால் உணர்த்தும். கோலுக்கு அது துணையே, பதில் அன்று.

2021இல் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகருக்கு மெட்ரோ வந்தபோது, நிலையத் தரையில் புடைப்புள்ள ஓடுகள் பதிந்திருப்பதைப் பலர் அழகுக்கு என்று நினைத்தனர். 1960களில் ஜப்பானியர் செய்ஈச்சி மியாகே கண்டுபிடித்து, 1967இல் ஒகயாமா நகரத்துச் சாலையில் முதன்முதல் பதித்த ஓடு அது. நீளக் கோடுகள் என்றால் நடக்கலாம். புள்ளிகள் என்றால் நில். அதன்மேல் சாமான் மூட்டையை வைத்து உட்கார்ந்திருப்பவரைப் பார்த்தால் பக்குவமாகச் சொல்லுங்கள். 2022இல் மாநகரப் பேருந்துகள் சிலவற்றில் அடுத்த நிறுத்தத்தைத் தமிழில் அறிவிக்கும் ஏற்பாடும் வந்தது. வெளியே நிற்பவர் மட்டும், "அண்ணே, இது திருவொற்றியூர் போகுமா?" என்று இன்றும் கேட்டாக வேண்டியிருக்கிறது.

பூசை முடிந்து உதவ விரும்புவோர்க்கு ஒரு வார்த்தை. முதலில் பெயர் சொல்லிப் பேசுங்கள். உதவி வேண்டுமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். அவர் கையை நீங்கள் பிடித்து இழுக்காதீர்கள். முதுகில் கைவைத்துத் தள்ளாதீர்கள். உங்கள் முழங்கைக்கு மேலே அவர் பிடித்துக்கொள்ளட்டும். அரையடி பின்னே வருவார், உங்கள் உடம்பின் அசைவிலேயே படியை அறிவார். படிக்கு முன் ஒரு கணம் நின்று, ஏறுகிறதா இறங்குகிறதா என்று சொல்லுங்கள். "அதோ அங்கே" என்பது அவருக்குப் பயன்படாது. "வலப்பக்கம் நான்கு அடி" என்பது பயன்படும். கோலை ஒருபோதும் வாங்கி வைக்காதீர்கள். விட்டுப் போகும்போது சொல்லிவிட்டுப் போங்கள். நீங்கள் போனது தெரியாமல் அவர் பேசிக்கொண்டிருப்பார்.

மடக்குக் கோல் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் வழியாக இலவசமாகவே கிடைக்கிறது. அடையாள அட்டை உள்ளோர் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில், உடன் வரும் துணையோடு கட்டணமின்றிப் போகலாம் என்று 2021 முதல் அரசாணை உண்டு. கோலை மட்டும் வாங்கி மூலையில் சாத்திவைத்திருக்கும் வீடுகள் நம் பங்கில் இருக்கின்றன. பூந்தமல்லியிலோ அடையாற்றிலோ பயிற்சி பற்றி விசாரிக்க அக்குடும்பத்தாரோடு ஒருவர் போய்வந்தால் போதும். அங்கே போகவர முதல் நாள் மட்டுமே கைபிடிக்க ஆள் வேண்டியிருக்கும்.