அட்டைக் குதிரையில் வந்த அழகர்

மாட்டுத்தாவணி என்றால் மாட்டுச்சந்தை என்று பொருள். இன்று அந்தப் பெயரைக் கேட்டால் பேருந்துகள்தாம் நினைவுக்கு வருகின்றன. அங்கிருந்து சற்றே மேற்கே போனால் அழகர்கோயில் சாலை. முழுப்பரீட்சை முடிந்து பள்ளிகள் மூடும் நாட்களில், மூன்றுமாவடியில் எதிர்சேவை பார்த்துத் திரும்பிய நாங்கள், மறுநாள் புதூர்த் தெருவில் எங்களுக்கென்று ஓர் அழகரை எழுந்தருளச் செய்வோம்.

செருப்புக்கடை அட்டைப்பெட்டிதான் சப்பரம். தேய்ந்த ரப்பர் செருப்பை வட்டமாக வெட்டினால் சக்கரம். நுங்குக் கூந்தல் கிடைத்தால் இன்னும் உத்தமம். குதிரையை அட்டையில் வரைந்து வெட்டி ஜிகினாத் தாள் ஒட்டுவோம். (மைதாப் பசை அதிகமானால் இரவில் கரப்பான்கள் குதிரையின் காதைத் தின்றுவிடும்.) கொட்டாங்கச்சியில் சர்க்கரை நிரப்பி வாழையிலையால் மூடிக் கட்டினால் சர்க்கரைச் செம்பு. தண்ணீர் பீய்ச்சும் தோல்பைக்கு மாற்றாக, மூடியில் துளையிட்ட பிளாஸ்டிக் பாட்டில். அழகரின் பட்டு மட்டும் கடைசிவரை ஒட்டப்படாது. ஆற்றில் இறங்கும்போது அவர் என்ன நிறம் உடுத்தியிருந்தார் என்று போய்ப் பார்த்தவர்கள் வந்து சொன்ன பிறகே அந்த நிறத்தில் காகிதம் வாங்குவோம். பச்சை என்றால் ஊர் செழிக்கும்.

விளையாட்டில் ஒரு காட்சி தவறாது. "கல்யாணம் முடிஞ்சுபோச்சு!" என்று ஒருவன் ஓடிவந்து சொல்வான். சப்பரம் கோபித்துக்கொண்டு திரும்பும்.

பின்னாளில்தான் தெரிந்தது, நாங்கள் நடித்தது கோயில் சொல்லும் கதையன்று. கம்பத்தடி மண்டபத்துச் சிற்பத்தில் திருமால் உடனிருந்து தங்கையைத் தாரை வார்த்துக் கொடுக்கிறார். இன்றும் திருக்கல்யாணத்தில் அச்சடங்குக்காகத் திருப்பரங்குன்றத்துப் பவளக்கனிவாய்ப் பெருமாள் வந்துவிடுகிறார். அழகர் மலையிறங்குவதோ மண்டூக முனிவருக்குச் சாபம் தீர்க்க. தாமதமும் கோபமும் மக்கள் படைத்தவை.

ஏன் படைத்தார்கள்? திருமலை நாயக்கர் (1623–1659) காலத்துக்கு முன் மீனாட்சி திருமணம் மாசி மாதத்தில் நடந்தது என்பர். சித்திரையில் தேரோடும் வீதிகளுக்கு இன்றும் மாசி வீதிகள் என்றே பெயர். அழகர் அன்று வைகையில் இறங்கியது தேனூரில். வண்டியூரில் சாபம் தீர்க்கும் மண்டபம் இன்றும் தேனூர் மண்டபம்தான். நாயக்கர் இரண்டு விழாக்களையும் ஒரே மாதத்தில், ஒரே ஊரில் கொண்டுவந்து சேர்த்தார். ஆயினும் திருமணம் ஒரு நாள், தேர் மறுநாள், அழகர் ஆற்றில் இறங்குவது அதற்கும் பின்னர். அந்த இடைவெளியை அரசாணை நிரப்பவில்லை. பிந்தி வந்த அண்ணனின் கதை நிரப்பியது. சைவமும் வைணவமும் அண்ணன் தங்கை உறவாயின. தொ. பரமசிவன் தம் 'அழகர் கோயில்' ஆய்வில் (நூலாக 1989) இந்த நாட்டார் கதைக்கு உரிய இடத்தைக் கொடுத்தார். அதுவரை அதை ஏட்டில் ஏற்றத் தயங்கிய அறிஞர்களைவிட எங்கள் தெருப் பிள்ளைகள் துணிச்சல்காரர்கள் என்றே சொல்வேன்.

இது மதுரைக்கு மட்டும் உரியதன்று. அயர்லாந்துக் கதைகளில் லெப்ரகான் என்றொரு குள்ளன் உண்டு. செருப்புத் தைப்பவன், பொற்காசுகளை ஒளித்துவைப்பவன். மார்ச் 17, புனித பேட்ரிக் திருநாளையொட்டி அமெரிக்கப் பிள்ளைகள் அட்டைப்பெட்டியில் அவனுக்குப் பொறி செய்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டில் சாமுவேல் லவர் அவனுக்குச் சிவப்புச் சட்டை அணிவித்தார். பிள்ளைகளின் பொறியைச் சுற்றி இன்று எல்லாமே பச்சை. ஏட்டைப் பார்த்து எந்தப் பிள்ளை வண்ணம் பூசுகிறது?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சித்திரையில் புதூர்ச் சந்து ஒன்றில் மீண்டும் ஒரு சப்பரத்தைப் பார்த்தேன். கூரியரில் வந்த அட்டைப்பெட்டி, தண்ணீர் பாட்டில் மூடிகள் நான்கு. செய்தி வந்தது; அழகர் கோபித்துத் திரும்பினார். பின்னால் சீர்த்தட்டு ஏந்தி வந்த சிறுமி மட்டும் திரும்பவில்லை. தட்டைச் சந்து முனையில், மீனாட்சி இருக்கும் திசை நோக்கி வைத்துவிட்டு, பிறகே சப்பரத்தின் பின்னால் ஓடினாள்.