ஓடுபவரா, வீசுபவரா? அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் குவார்ட்டர்பேக் தேர்வு: ஒரு விளக்கம்

2018 ஜனவரி 8 அன்று அட்லாண்டா நகரில் நடைபெற்ற அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து தேசிய சாம்பியன்ஷிப் இறுதியாட்டத்தின் இடைவேளையில், அலபாமா பல்கலைக்கழக அணி ஜார்ஜியாவிடம் 0-13 எனப் பின்தங்கியிருந்தது. அலபாமாவின் குவார்ட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸ் முதல் பாதியில் 8 முறை பந்தை வீசி, 3 முறை மட்டுமே சக வீரரிடம் சேர்த்திருந்தார். அவற்றால் கிடைத்தது 21 யார்டுகள். பயிற்சியாளர் நிக் சேபன் அவரை அமர்த்திவிட்டு, முதலாமாண்டு மாணவரான டூவா டாகோவைலோவாவை இரண்டாம் பாதியில் களமிறக்கினார்.

ஹர்ட்ஸ் தோல்வியடைந்த வீரர் அல்லர். இந்த இறுதியாட்டத்தையும் சேர்த்து, இரண்டு பருவங்களில் அவர் தொடக்க வீரராக இறங்கிய 28 ஆட்டங்களில் 26-ஐ அலபாமா வென்றது. அவருடைய பெரும்பலம் ஓட்டம். டாகோவைலோவாவின் பலம் வீச்சு. கூடுதல் நேரத்துக்குச் சென்ற ஆட்டத்தில், 41 யார்டு தொலைவுக்கு டாகோவைலோவா வீசிய பந்தை டெவான்டா ஸ்மித் பிடித்து டச் டவுன் ஆக்க, அலபாமா 26-23 என வென்றது.

ஓடும் குவார்ட்டர்பேக்கைத் தேர்வதா, வீசும் குவார்ட்டர்பேக்கைத் தேர்வதா என்பது ஒவ்வோர் ஆண்டும் கல்லூரி அணிகளின் முன் எழும் கேள்வி. இதற்குப் பொதுவான ஒரே விடை இல்லை. விடையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அவரைச் சுற்றியுள்ள மற்ற 10 பேர்தான்.

குவார்ட்டர்பேக்கின் பணி

அமெரிக்கக் கால்பந்து, இந்தியாவில் பரவலாக ஆடப்படும் கால்பந்திலிருந்து முற்றிலும் வேறானது. ஓர் அணிக்கு 11 பேர். பந்தை வைத்திருக்கும் அணிக்கு 4 வாய்ப்புகள் தரப்படும். அவற்றுக்குள் 10 யார்டுகள் முன்னேறினால் புதிதாக 4 வாய்ப்புகள் கிடைக்கும். எதிரணியின் எல்லைப் பகுதிக்குள் பந்தைக் கொண்டு சேர்ப்பது டச் டவுன். அதற்கு 6 புள்ளிகள்.

ஏறக்குறைய ஒவ்வொரு வாய்ப்பிலும் பந்து முதலில் குவார்ட்டர்பேக்கின் கைக்கே வருகிறது. அதை ஓட்டக்காரரிடம் கொடுப்பதா, முன்னே ஓடும் சக வீரருக்கு வீசுவதா, தாமே எடுத்துக்கொண்டு ஓடுவதா என்பதை அவர் சில விநாடிகளில் முடிவு செய்ய வேண்டும்.

வீசுபவரின் பலமும் தேவையும்

வீச்சை முதன்மையாகக் கொண்ட குவார்ட்டர்பேக், தமக்கு முன்னால் ஐந்து லைன்மேன்கள் அமைக்கும் பாதுகாப்பு வளையத்துக்குள் நின்று ஆடுகிறார். இந்த வளையம் ‘பாக்கெட்’ எனப்படுகிறது. அங்கிருந்தபடி எதிரணியின் தடுப்பு அமைப்பைப் படித்து, பந்தைப் பிடிக்கக் காத்திருக்கும் ரிசீவர்களை ஒருவர்பின் ஒருவராகக் கவனித்து, தடுப்பற்று இருப்பவருக்கு வீசுகிறார். ஒரே வீச்சில் 40 யார்டு முன்னேற முடியும் என்பதால், பின்தங்கிய அணிக்கு இத்தகையவர் பெரும் நம்பிக்கை.

ஆனால், வளையம் நிலைத்தால்தான் அவரால் இயங்க முடியும். லைன்மேன்கள் திணறினால், வீசும் முன்பே அவர் வீழ்த்தப்படுவார். அட்லாண்டா இறுதியாட்டத்திலேயே, வெற்றி தந்த வீச்சுக்கு முந்தைய வாய்ப்பில் டாகோவைலோவா வீழ்த்தப்பட்டு, அணி 16 யார்டுகளை இழந்திருந்தது.

ஓடுபவர் மாற்றும் எண்ணிக்கைக் கணக்கு

வழக்கமான ஓட்ட உத்தியில், பந்தை ஓட்டக்காரரிடம் கொடுத்தவுடன் குவார்ட்டர்பேக் பார்வையாளர் ஆகிவிடுகிறார். ஓட்டக்காரரைத் தவிர்த்தால், எதிரணியின் 11 பேரைத் தடுக்க எஞ்சியிருப்போர் 9 பேர்தான்.

குவார்ட்டர்பேக்கும் ஓடக்கூடியவர் எனில் இக்கணக்கு மாறுகிறது. தாக்கும் அணி, எதிரணியின் ஓரத் தடுப்பாளர் ஒருவரை வேண்டுமென்றே தடுக்காமல் விட்டுவிடுகிறது. அவர் ஓட்டக்காரரை நோக்கிப் பாய்ந்தால் குவார்ட்டர்பேக் பந்தைத் தம்மிடமே வைத்துக்கொண்டு ஓடுகிறார். அவர் குவார்ட்டர்பேக்கைக் காத்து நின்றால் பந்து ஓட்டக்காரருக்குச் செல்கிறது. எப்படி முடிவெடுத்தாலும் அந்தத் தடுப்பாளர் தவறிழைத்தவர் ஆகிறார். ஒரு லைன்மேன் தேவையில்லாமலேயே ஒரு எதிரி ஆட்டத்திலிருந்து நீக்கப்படுகிறார்.

இதன் உச்சத்தை 2006 ஜனவரி 4 அன்று ரோஸ் பவுல் ஆட்டம் காட்டியது. தொடர்ந்து 34 ஆட்டங்களை வென்றிருந்த தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு, 2004-ல் ஹைஸ்மன் விருது பெற்ற மாட் லைனார்ட் 365 யார்டுகளுக்குப் பந்து வீசினார். டெக்சாஸ் அணியின் வின்ஸ் யங் 267 யார்டுகளுக்கு வீசியதுடன், 200 யார்டுகள் ஓடினார். 19 விநாடிகள் எஞ்சியிருந்தபோது, கடைசி வாய்ப்பில் அவர் ஓடி அடித்த டச் டவுன், டெக்சாசுக்கு 41-38 என வெற்றியைத் தந்தது.

ஓட்டத்துக்கும் விலை உண்டு. ஓடும் ஒவ்வொரு முறையும் குவார்ட்டர்பேக் மோதலுக்கு உள்ளாகிறார். காயமடையும் வாய்ப்பு கூடுகிறது. ஓடிப் பழகியவர், ரிசீவர்களை முழுமையாகக் கவனிக்கும் முன்பே பாக்கெட்டை விட்டு வெளியேறும் பழக்கத்துக்கும் ஆளாகலாம்.

கல்லூரி ஆட்டம் ஏன் ஓட்டத்துக்கு இடம் தருகிறது?

தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லை விடக் கல்லூரி ஆட்டத்தில் ஓடும் குவார்ட்டர்பேக்குகள் நெடுங்காலமாக அதிகம் ஆடிவந்துள்ளனர். இதற்கு விதிகளும் காரணம். பந்து வைக்கப்படும் இடத்தைக் குறிக்கும் உள்கோடுகள் கல்லூரிக் களத்தில் 40 அடி இடைவெளியில் உள்ளன. என்எஃப்எல்லில் அந்த இடைவெளி 18.5 அடி மட்டுமே. எனவே, கல்லூரி ஆட்டத்தில் பந்து ஓரமாக வைக்கப்படும்போது, மறுபுறம் ஓடுவதற்குப் பரந்த வெளி கிடைக்கிறது. வீச்சின்போது லைன்மேன்கள் 3 யார்டு வரை முன்னேறவும் கல்லூரி விதி அனுமதிக்கிறது. என்எஃப்எல்லில் இது 1 யார்டு. ஓட்டமா, வீச்சா என்பதைக் கடைசி நொடி வரை மறைக்கும் உத்திக்கு இது உதவுகிறது.

நேரமும் ஒரு காரணி. தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்சிஏஏ, பருவத்தின்போது பயிற்சியை வாரத்துக்கு 20 மணி நேரமாக வரையறுத்துள்ளது. மாணவர் ஆடக்கூடியது பொதுவாக நான்கு பருவங்களே. சிக்கலான வீச்சு முறையைக் கற்பிக்க இந்தக் காலம் சில வீரர்களுக்குப் போதுவதில்லை.

ஆள்பலத்தில் பின்தங்கிய அணிகளுக்கு ஓட்டம் ஓர் ஈடு. ராணுவப் பயிற்சிக் கல்லூரிகளால் மற்ற அணிகளைப் போல் பேருருவ லைன்மேன்களைச் சேர்க்க இயலாது. எனவே அவை ஓட்ட உத்தியை நெடுங்காலம் நம்பிவந்தன. கடற்படைக் கல்லூரியின் குவார்ட்டர்பேக் கீனன் ரெனால்ட்ஸ், 2015-ல் நிறைவுற்ற தமது கல்லூரி வாழ்வில் 88 முறை ஓடி டச் டவுன் அடித்துச் சாதனை படைத்தார்.

தேர்வில் கவனிக்கப்படுபவை

முதலாவது, லைன்மேன்களின் தரம். பாதுகாப்பு வளையம் உறுதியாக இருந்தால் வீசுபவர் பயன் தருவார். பலவீனமாக இருந்தால் தப்பி ஓடக்கூடியவர் இழப்பைக் குறைப்பார். இரண்டாவது, ரிசீவர்களின் திறன். 2019-ல் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜோ பர்ரோ 5,671 யார்டுகளுக்கு வீசி, 60 டச் டவுன்களுக்கு வழிவகுத்தார். அணி 15 ஆட்டங்களையும் வென்றது. ஜமார் சேஸ், ஜஸ்டின் ஜெஃபர்சன் போன்ற ரிசீவர்கள் அவருடன் இருந்தனர். மூன்றாவது, மாற்று வீரர். ஓடுபவரைத் தேர்வு செய்யும் அணி, அவர் காயமடைந்தால் அதே முறையில் ஆடக்கூடிய இன்னொருவரையும் வைத்திருக்க வேண்டும்.

புள்ளிவிவரங்களைப் படிப்பதிலும் எச்சரிக்கை தேவை. வீச முயன்று வீழ்த்தப்படும்போது இழக்கும் யார்டுகளைக் கல்லூரி ஆட்டம் குவார்ட்டர்பேக்கின் ஓட்டக் கணக்கிலிருந்து கழிக்கிறது; என்எஃப்எல்லில் அவை அணியின் வீச்சுக் கணக்கில் கழிக்கப்படுகின்றன. ஆகவே, கல்லூரிப் பட்டியலில் குறைவான ஓட்ட யார்டுகள் உள்ளவர் ஓடத் தெரியாதவர் என்று கொள்ள முடியாது.

இருவரையும் பயன்படுத்துவதும் உண்டு. 2006 பருவத்தில் புளோரிடா அணி, வீசுவதில் தேர்ந்த கிறிஸ் லீக்கை முதன்மையாகவும், முதலாமாண்டு மாணவர் டிம் டீபோவை ஓட்டத்துக்காகவும் களமிறக்கி, ஒஹாயோ மாநில அணியை 41-14 என வீழ்த்திப் பட்டம் வென்றது.

வீரர்களின் எதிர்காலம்

தேர்வு செய்யப்படாதவருக்கு இது வாழ்க்கைப் பிரச்சினை. 2018-ல் கிளெம்சன் அணி நான்கு ஆட்டங்களுக்குப் பின், ஓட்டத்தில் வல்ல கெல்லி பிரையன்டுக்குப் பதிலாக டிரெவர் லாரன்ஸைத் தொடக்க வீரராக அறிவித்தது. நான்கு ஆட்டங்கள் வரை ஆடியவர் அந்தப் பருவத்தை இழக்கமாட்டார் என்ற புதிய விதியின்படி, பிரையன்ட் அணியிலிருந்து விலகினார். லாரன்ஸுடன் கிளெம்சன் தோல்வியின்றிப் பட்டம் வென்றது. 2021 முதல், முதல்முறை கல்லூரி மாறுவோர் உடனே ஆடலாம் என்ற விதி வந்த பின், இத்தகைய இடமாற்றங்கள் எளிதாகின.

‘ஓடுபவர்’ என்ற முத்திரைக்கு இன வரலாறும் உண்டு. வீச்சுக்குத் தேவையான கூர்மை இல்லை என்ற முன்முடிவோடு, கருப்பின குவார்ட்டர்பேக்குகள் பல பத்தாண்டுகளாக வேறு இடங்களுக்கு மாற்றப்பட்டனர். 1978-ல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்கு ரோஸ் பவுல் வெற்றி தேடித் தந்த வாரன் மூனை எந்த என்எஃப்எல் அணியும் தேர்வு செய்யவில்லை. கனடாவில் ஆடிவிட்டுத் திரும்பிய அவர், பின்னர் புகழரங்கில் இடம்பெற்றார். 2016 ஹைஸ்மன் விருதாளர் லமார் ஜாக்சன் ரிசீவராக மாற வேண்டும் என்ற பேச்சு 2018-லும் எழுந்தது. அவர் குவார்ட்டர்பேக்காகவே நீடித்து, 2019-லும் 2023-லும் என்எஃப்எல்லின் மிகச் சிறந்த வீரர் விருதைப் பெற்றார்.

மீண்டும் அட்லாண்டா

2018 டிசம்பர் 1 அன்று, அதே அட்லாண்டா அரங்கில் அலபாமாவும் ஜார்ஜியாவும் மீண்டும் மோதின. இம்முறை டாகோவைலோவா காயமடைந்து வெளியேற, பின்தங்கியிருந்த அணிக்காகக் கடைசிக் கால் பகுதியில் ஹர்ட்ஸ் இறங்கினார். ஒரு டச் டவுனுக்கு வீசினார். இன்னொன்றைத் தாமே 15 யார்டு ஓடி அடித்தார். அலபாமா 35-28 என வென்றது.

அடுத்த ஆண்டு ஓக்லஹோமா அணிக்கு மாறிய ஹர்ட்ஸ், 3,851 யார்டுகளுக்கு வீசி, 1,298 யார்டுகள் ஓடினார். 2020 என்எஃப்எல் தேர்வில் டாகோவைலோவா 5-வது வீரராகவும், ஹர்ட்ஸ் 53-வது வீரராகவும் எடுக்கப்பட்டனர். 2025 பிப்ரவரியில் பிலடெல்பியா அணி சூப்பர் பவுல் பட்டத்தை வென்றபோது, ஆட்டத்தின் மிகச் சிறந்த வீரராகத் தேர்வானவர் ஹர்ட்ஸ்.