அரும்பும் காயும்: காஞ்சி அணிகலன்களில் இளவேனில்

காஞ்சிபுரம் பட்டிலும் அதனோடு அணியும் நகைகளிலும் பொதுவாக வழங்கும் இரு வடிவங்கள் மல்லிமொக்கும் மாங்காயும். புடவை உடலில் அவை புட்டாவாகவும், கழுத்தில் மல்லிமொக்கு மாலையாகவும் மாங்காய் மாலையாகவும் அமைகின்றன. ஒன்று மலர்வதற்கு முந்தைய நிலை. மற்றொன்று மலர் உதிர்ந்ததற்குப் பிந்தைய நிலை. இளவேனிலை மலர்ச்சியாக அன்றி, வரவிருக்கும் விளைவாகக் காணும் மரபே இத்தேர்வுக்குக் காரணம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

புடவையின் மொக்கையும் நகையின் மொக்கையும் இணைக்கும் வெள்ளிக்கு இவ்வாதத்தில் தனியிடம் உண்டு. இடைக்குக் கீழே பொன் அணியலாகாது என்ற வழக்கத்தால் கொலுசும் மெட்டியும் வெள்ளியாயின. ஆனால் வெள்ளியின் ஆட்சி காலோடு முடிவதில்லை. அசல் சரிகை என்பது பட்டு நூலின்மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியைச் சுற்றிப் பொன்முலாம் பூசியது. நாகர்கோவில் வடசேரியில் செய்யப்படும் கோயில் நகைகளிலும் வெள்ளியே அடித்தளம். பொன் அதன்மேல் போர்த்திய தகடு. ஆகவே சரிகையில் நெய்த மல்லிமொக்கையும் வெள்ளி அணிகலனாகவே கொள்ளவேண்டும்.

மொக்கு நெய்வதற்கு எளிது, அதனாலேயே அது நிலைத்தது என்று மறுக்கலாம். பாவும் ஊடும் சந்திக்கும் கட்டங்களில் சிறு மொக்கு எளிதில் அமையும் என்பது உண்மையே. எனினும் தறியின் கட்டுப்பாடு இல்லாத பொற்கொல்லரும் மொக்கையே வடிக்கிறார். நம் பெண்கள் மல்லிகையைச் சூடும் முறையே இதற்கு விடை தருகிறது. மொக்காகப் பறித்து, மொக்காகத் தொடுத்து, மாலையில் கூந்தலிலேயே அதை மலரவிடுகிறார்கள். கலைஞர் பின்பற்றியது கொடியிலுள்ள பூவை அன்று, சூடும் பூவை.

மாவின் செய்தி கோயிலோடு சேர்ந்தது. காஞ்சி ஏகாம்பரநாதர் கோயிலின் தலமரம் மா. அம்பிகை அதனடியில் தவமிருந்து இறைவனை மணந்த வரலாறு பங்குனி உத்திரத்தில் கொண்டாடப்படுகிறது. தை, மாசியில் பூக்கும் மா, அப்போது பிஞ்சு பிடித்திருக்கும். திருமணத்துக்குரிய வடிவமாக மாம்பூவைவிட மாங்காய் பொருந்துவது இதனால்தான். அந்த அம்பிகையான காமாட்சியின் கையிலுள்ள மலர்க்கணைகளும் இக்கருத்துக்கு வலுச்சேர்க்கின்றன. மரபு சொல்லும் ஐங்கணைகளுள் மாவும், மல்லிகையின் இனமான முல்லையும் உண்டு. கணையாகும் மலரின் பொருள் அதன் அழகில் அன்று, அது விளைவிக்கும் மாற்றத்தில் இருக்கிறது.

விரிந்த தாமரை இவ்வாதத்துக்கு விலக்காகத் தோன்றலாம். ஆனால் தாமரை தெய்வத்தின் இருக்கை. நிறைவே அதன் பொருள். மல்லிகையும் மாவும் மணமகளின் உடல்மேல் அமர்பவை. தொடங்கவிருக்கும் வாழ்வே அவற்றின் பொருள்.

காஞ்சிபுரம் பட்டு 2005-06இல் புவிசார் குறியீடு பெற்றது. அதன் வடிவங்களை ஆவணப்படுத்துவோர் பூவின் பெயரோடு நின்றுவிடாமல், அது எந்த வளர்நிலையில் காட்டப்பட்டது என்பதையும் பதிய வேண்டும். அந்தப் பதிவு இல்லாவிடில் வடிவம் பிழைத்தாலும் அதன் பொருள் அழிந்துவிடும்.