ஹேண்டில் போன கதை

2020 மார்ச் 25-இல் ஊரடங்கு வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? சில வாரங்களிலேயே நம் சிறுசேரி பார்க்கிங்கில் பல கார்களுக்கு பேட்டரி டவுன். சாவியைத் திருப்பினால் 'டக்' என்ற சத்தத்தோடு சரி.

என் இளவயதில் அம்பாசடர், ஃபியட் கார்களின் டிக்கியில் ஓர் இரும்பு ஹேண்டில் கிடக்கும். முன்பக்கத் துளையில் நுழைத்து ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துக்கொள்வது முக்கியம். எஞ்சின் திருப்பி உதைத்தால் கை முறியும். இந்த ஆபத்தைத் தவிர்க்கத்தான் அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் மின்சார ஸ்டார்ட்டரை உருவாக்கினார். 1912 மாடல் காடிலாக் காரில் அது வந்தது. நம் ஊரில் அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் ஹேண்டிலைக் கைவிடவில்லை.

ஊட்டிக் கிளையில் வேலை பார்த்தபோது கவனித்திருக்கிறேன். டாக்சிக்காரர்கள் இரவில் வண்டியை இறக்கத்தைப் பார்த்தே நிறுத்துவார்கள். குளிரில் பேட்டரி மந்தமாகும், எஞ்சின் ஆயிலும் கெட்டியாகும். காலையில் செகண்ட் கியரில் உருட்டிவிட்டால் கிளம்பிவிடும்.

இன்றைய ஆட்டோமேட்டிக் வண்டிகளில் அது நடக்காது. ஜம்பர் கேபிள்தான் வழி. சிவப்பு வயரை இரண்டு பேட்டரியின் பிளஸ்ஸிலும், கறுப்பை நல்ல பேட்டரியின் மைனஸிலும் மாட்ட வேண்டும். கறுப்பின் மறுமுனையை டவுனான வண்டியின் எஞ்சினில், பெயின்ட் இல்லாத உலோகத்தில் மாட்டுங்கள். பேட்டரியிலேயே மாட்டினால், அதிலிருந்து கசியும் ஹைட்ரஜன் பொறி பட்டு வெடிக்கலாம்.

கேபிள் இருந்தும் பயனில்லை, பக்கத்து வண்டியும் டவுன். அந்த ஏப்ரலில் எங்கள் வரிசையில் உயிரோடு இருந்தது, தினமும் டியூட்டிக்குப் போய்வந்த டாக்டரம்மாவின் கார் ஒன்றுதான். ஒவ்வொருவராக அவரிடம் போய் நின்றோம்.