அன்னி பெசன்ட்டின் பிரிவுப் பத்திரமும் 1873ஆம் ஆண்டுச் சட்டமும்

மகள் மேபலை நீதிமன்றம் தம்மிடமிருந்து பறித்தது தம்முடைய நாத்திகத்துக்குத் தண்டனையாகத்தான் என்று அன்னி பெசன்ட் 1893இல் வெளியிட்ட சுயசரிதையில் எழுதினார். அந்த வேதனையை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அந்த விளக்கத்தில் ஓர் ஆவணம் கவனிக்கப்படாமலே போகிறது. 1873இல் கணவர் பிராங்க் பெசன்ட்டும் அவரும் கையொப்பமிட்ட பிரிவுப் பத்திரம் அது. மகன் டிக்பி தந்தையிடமும் மகள் மேபல் தாயிடமும் வளர வேண்டும், ஆண்டுக்கு ஒரு மாதம் மட்டும் மற்றவரிடம் இருக்கலாம் என்பது ஏற்பாடு. வழக்கை மதத் துன்புறுத்தலாக மட்டும் படித்தால், இந்த ஏற்பாடு சட்டத்தின் முன் எப்படி நின்றது, ஏன் விழுந்தது என்ற கேள்வியே எழாமல் போகிறது.

1873ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு முன்பு இத்தகைய ஏற்பாடு வெறும் காகிதம். தந்தை தன் உரிமையை விட்டுக்கொடுப்பது பொதுநலக் கொள்கைக்கு விரோதம் என்று நீதிமன்றங்கள் தள்ளிவிடும். 1858இல் வான்சிட்டார்ட் வழக்கில் நடந்தது அதுதான். 1873 ஏப்ரலில் இங்கிலாந்தில் நிறைவேறிய குழந்தைகள் பொறுப்புச் சட்டத்தின் 2ஆம் பிரிவு இதை மாற்றியது. குழந்தையைத் தாயிடம் ஒப்படைக்கத் தந்தை இசைந்தார் என்ற ஒரே காரணத்தால் பிரிவுப் பத்திரம் செல்லாததாகாது என்றது அது. உடனே ஒரு நிபந்தனையையும் வைத்தது: குழந்தையின் நன்மைக்கு உகந்ததல்ல என்று நீதிமன்றம் கருதினால் பத்திரத்தை நிறைவேற்றக் கூடாது. பெசன்ட் பத்திரத்தை எழுதியவர்கள் இந்தப் பிரிவை மனத்தில் கொண்டே எழுதினார்கள் என்பதற்கு என்னிடம் நேர்ச்சான்று இல்லை. இருந்தாலும், சில மாதங்களுக்கு முன்புவரை மதிப்பே இல்லாதிருந்த ஒரு வாசகத்தை, அத்தனை நுணுக்கமான மாதக் கணக்கோடு காரணமின்றி எழுதியிருப்பார்கள் என்று நம்புவது கடினம்.

1878இல் தந்தையின் மனுவை விசாரித்த சர் ஜார்ஜ் ஜெஸ்ஸல், தாயின் நாத்திகத்தையும் கருத்தடை பற்றிய நோல்டன் நூலை அவர் வெளியிட்டதையும் காரணம் காட்டி மேபலைத் தந்தையிடம் சேர்த்தார். மேல்முறையீட்டிலும் அது நிலைத்தது. அப்படியானால் பெசன்ட் சொன்னதுதானே சரி என்று கேட்கலாம். தீர்ப்பில் மதக் காழ்ப்பு இருந்தது உண்மை, அது கொடுமையும்கூட. ஆனால் பழைய சட்டத்தில் தந்தை கேட்டாலே போதும். குழந்தைக்கு என்ன கேடு என்று நீதிபதி எடுத்துரைக்க வேண்டியதே இல்லை. அதே 1878இல் அகர்-எல்லிஸ் வழக்கில், பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்ப்பதாகத் திருமணத்துக்கு முன் கொடுத்த வாக்கைத் தந்தை மீறினார். பிரிவுப் பத்திரம் இல்லாத அந்தக் குடும்பத்தில் தந்தையின் விருப்பமே வென்றது. மேபல் வழக்கில் ஜெஸ்ஸல் நீளமாகக் காரணம் சொல்ல நேர்ந்ததற்குப் பத்திரம் செல்லுபடியானதே காரணம் என்பது என் வாதம். காழ்ப்பு நுழைந்த வாசல், குழந்தையின் நன்மை என்ற அந்த நிபந்தனை. 1925ஆம் ஆண்டுச் சட்டத்தில் குழந்தை நலனை முதன்மையாக்கிய வழியும் அங்கிருந்தே புறப்படுகிறது. இந்த மாற்றத்துக்கு ஒற்றைத் தேதி குறிக்க நான் தயங்குகிறேன். 1886ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் அதில் பங்குண்டு.

பெசன்ட் பின்னர் குடியேறிய சென்னைக்கும் இந்த வரலாற்றில் இடமுண்டு. கிருஷ்ணமூர்த்தி, நித்யானந்தா ஆகிய தம் மகன்களை 1910இல் எழுத்து மூலம் பெசன்ட்டிடம் ஒப்படைத்த நாராயணய்யா, பின்னர் அவர்களைத் திரும்பக் கேட்டுச் சென்னை உயர் நீதிமன்றத்தில் வென்றார். 1914இல் பிரிவி கவுன்சில் அத்தீர்ப்பை ரத்து செய்தது. தந்தை கொடுத்த ஒப்புதலைத் தந்தையே திரும்பப் பெறலாம், ஆனால் குழந்தைகளின் நலனுக்கு மாறாக அல்ல என்பது அதன் நிலை. இன்று இந்தியாவில் பரஸ்பர சம்மதத்தோடு மணமுறிவு பெறுவோர் எழுதிக்கொள்ளும் குழந்தைப் பொறுப்பு ஏற்பாட்டையும் இந்து திருமணச் சட்டத்தின் 26ஆம் பிரிவின்கீழ் நீதிமன்றம் பிற்பாடு மாற்றியமைக்கலாம்.